ஆலய மணியும் அலைபேசிச் செய்தியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கூடி வாழத் தொடங்கிய நாளிலேயே மனிதன் கூப்பிட்டு அழைக்கவும் கற்றுக்கொண்டான். பறையறைந்தான், முரசு கொட்டினான், கோபுரம் கட்டி அதன் உச்சியில் மணியைத் தொங்கவிட்டான். கருவிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அழைக்க வேண்டிய தேவை மட்டும் மாறவில்லை. இன்று அத்தேவையை உள்ளங்கையில் அடங்கும் அலைபேசி நிறைவேற்றுகிறது. தனியாகக் காசு செலவில்லாமல், ஒரே நொடியில், ஊர் முழுவதற்கும் செய்தி சொல்லிவிட முடிகிறது. கிறிஸ்தவச் சபைகள் இவ்வசதியைப் பெருமளவில் பயன்படுத்துகின்றன. அது நல்லதே. ஆனால் எந்தச் செய்தியை அதில் அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது, அனுப்பியவுடன் நம் கடமை முடிந்துவிடுகிறதா என்ற கேள்விகளை நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. அவற்றைப் பற்றி என் சிற்றறிவுக்கு எட்டியதை இங்கே எழுத விரும்புகிறேன்.

புதிய கருவிகளைக் கண்டு சபை என்றும் அஞ்சியதில்லை. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் தமிழில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' ஒரு கிறிஸ்தவ நூலே. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அவ்வளவு ஏன்? உலகின் முதல் குறுஞ்செய்தியே ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் தம் கணிப்பொறியிலிருந்து ஒரு கைபேசிக்கு அதை அனுப்பினார். ஆகவே அலைபேசி ஆலயத்திற்குள் வரலாமா என்ற விவாதத்திற்கே இடமில்லை. அது வந்துவிட்டது.

அதன் பயனைக் கிராமத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் நன்கு அறிவோம். எங்கள் தென் மாவட்டங்களில் சேகரம் என்பது பல ஊர்ச் சபைகளின் தொகுப்பு. எங்கள் பக்கத்தில் ஐயர் என்று மரியாதையாக அழைக்கப்படும் போதகர், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மூன்று ஊர்களுக்குச் சென்று ஆராதனை நடத்த வேண்டியிருக்கும். எந்த ஊரில் எத்தனை மணிக்குத் திருவிருந்து, மழையினால் நேரம் மாறுகிறதா, அசன விருந்துக்கு அரிசி யார் தருகிறார் என்பவற்றை முன்பெல்லாம் உபதேசியார் சைக்கிளில் சென்று சொல்லி வருவார். இன்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடப்பிலிருந்தபோது, ஆலயக் கதவுகள் அடைபட்டுக் கிடந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று வந்த ஈஸ்டர் பண்டிகையை அவரவர் வீட்டில் இருந்தே கொண்டாடினோம். அன்று சபையாரைச் சிதறாமல் சேர்த்து வைத்தது இந்தச் சிறு கருவியே. சென்னையில் கடை வைத்திருப்பவரும், மும்பையில் வேலை பார்ப்பவரும், வளைகுடா நாட்டில் வெயிலில் நின்று உழைப்பவரும் தம் ஊர்ச் சபையின் செய்தியை அன்றன்றே அறிகிறார்கள் என்றால், இதை விஞ்ஞானத்தின் கொடை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இவ்வளவு நன்மை இருந்தும் இரண்டு நிகழ்ச்சிகள் என்னைச் சிந்திக்க வைத்தன.

சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் காலமானார். காலை 10 மணிக்குச் சபைக் குழுவில் செய்தி வந்தது. மாலை 4 மணிக்கு அடக்கம் நடந்தது. வழக்கமாக அடிக்கும் துக்க மணியை அன்று யாரும் அடிக்கவில்லை. 'குழுவில்தான் போட்டாகிவிட்டதே!' என்று இருந்துவிட்டார்கள். இறந்தவரோடு இளமை முதல் பனையேறிய நண்பர் ஒருவர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு விளையில் காவலுக்குத் தங்கியிருந்தார். அவரிடம் அலைபேசி கிடையாது. மறுநாள் காலையில் டீக்கடைக்கு வந்தபோதுதான் அவருக்குச் செய்தி தெரிந்தது. "மணி அடிக்கலியேப்பா, எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டபோது அங்கிருந்த ஒருவராலும் பதில் சொல்ல இயலவில்லை.

மற்றொன்று வேறொரு சபையில் நடந்தது. ஓர் இளம்பெண்ணுக்கு வலிப்பு நோய். அவள் தாய் சபைப் பொறுப்பாளர் ஒருவரிடம் தனியே சொல்லி, ஜெபம் செய்யும்படி கேட்டுக்கொண்டார். அவரும் நல்லெண்ணத்தோடுதான், பெயரும் தெருவும் குறிப்பிட்டு, ஜெப விண்ணப்பமாக அதைக் குழுவில் இட்டார். 'ஆமென்' என்று பதில்கள் குவிந்தன. சில வாரங்களில் அப்பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்று போயிற்று. வலிப்பு என்பது மருந்தினால் கட்டுப்படுத்தக் கூடிய நோய். அதை மறைக்க வேண்டிய நிலை இருப்பது சமுதாயத்தின் குறையே. ஆயினும் அதை எப்போது, யாரிடம் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அப்பெண்ணுக்கு உரியது அல்லவா? அந்த உரிமையை ஒரு விரல் தொட்டுப் பறித்துவிட்டது.

முதல் நிகழ்ச்சியில் எல்லாருக்கும் போக வேண்டிய செய்தி எல்லாருக்கும் போகவில்லை. இரண்டாவதில் ஒருவரோடு நிற்க வேண்டிய செய்தி எல்லாருக்கும் போயிற்று. இரண்டும் ஒரே குழப்பத்தின் இரு விளைவுகள்.

சபையில் என்றும் இருவகைச் செய்திகள் உண்டு. ஒன்று மணி சொல்லும் செய்தி. ஆராதனை நேரம், பண்டிகை, கூட்டம், சாவு ஆகியவை அவ்வகை. அதைக் கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு. மற்றொன்று வீட்டுக்கு வந்து திண்ணையில் அமர்ந்து கேட்கும் செய்தி. நோய், கடன், குடும்பப் பிணக்கு, பிள்ளையைப் பற்றிய கவலை ஆகியவை அவ்வகை. இதைக் கேட்பவர் காதோடு வைத்துக்கொள்வார். ஐயரும் உபதேசியாரும் வீடு வீடாகச் செல்லும் வழக்கம் அதற்காகவே ஏற்பட்டது. அலைபேசிக் குழு, மணியின் வேலையைச் செய்யட்டும். திண்ணையின் வேலையை அதனிடம் கொடுக்கலாகாது. இதுவே நான் சொல்ல விரும்பும் கருத்து.

ஆனால் மணியின் வேலையைக்கூட அது முழுமையாகச் செய்துவிடும் என்று நம்புவதற்கில்லை. ஒலி அலை நான்கு திசையிலும் பரவும். குடிசை என்றும் மாடி வீடு என்றும் பார்த்துப் போவதில்லை. அலைபேசிச் செய்தியோ பட்டியலில் எண் உள்ளவரை மட்டுமே தேடிச் செல்லும். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிமார் பலருக்கு வாட்ஸ்அப் எட்டாது. அவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்றால் அதிலும் தமிழுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள். தமிழில் எழுதினால் 70 இடங்களே. அதிலும் நம் கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் 'ஞாயிறு' என்ற சொல், உயிர்மெய்க் குறிகளைத் தனித்தனியே எண்ணுவதால் 6 இடங்களைப் பிடித்துக்கொள்ளும். மேலும் மாதக் கட்டணத் திட்டங்கள் பலவற்றில் நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திகளே கிடைக்கின்றன. இருநூறு குடும்பங்கள் உள்ள சபைக்கு அது எம்மூலைக்கு?

'இலவசம்' என்ற சொல்லையும் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் வாட்ஸ்அப்பை 2014-இல் ஏறத்தாழ 1900 கோடி டாலர் விலை பேசி பேஸ்புக் நிறுவனம் வாங்கிற்று. அவ்வளவு விலை எதற்கு? அதில் கூடியிருந்த கோடிக்கணக்கான மக்களுக்காகத்தான். செய்தியை இடைவழியில் எவரும் படிக்க முடியாதபடி 2016 முதல் பூட்டு போட்டிருக்கிறார்கள் என்பது உண்மை. பூட்டு பலமானதுதான், ஆனால் குழுவில் இருநூறு பேர் இருந்தால் சாவியும் இருநூறு பேரிடம் இருக்கிறது. அவர்களில் ஒருவர் வேறொரு குழுவுக்கு அனுப்பிவிட்டால் பூட்டினால் என்ன பயன்? குழுவில் சேர்ந்த இளம்பெண்களின் எண்களை முன்பின் அறியாதவர்களும் எடுத்துக்கொள்ள வழியுண்டு.

கைமாறி ஓடும் செய்தி என்ன செய்யும் என்பதைத் தமிழகம் கண்ணீரோடு கண்டிருக்கிறது. 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வதந்தி அலைபேசி வழியே பரவிய நாட்களில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். நாட்டின் வேறு பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நடந்தன. அதன் பிறகே, அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. சபைக் குழுவில் வந்தது என்பதற்காக ஒரு வதந்தி வேதவாக்காகிவிடாது. சொல்லப்போனால், அங்கே வந்ததனாலேயே மக்கள் அதை எளிதில் நம்பிவிடும் ஆபத்து கூடுகிறது.

"ஜெப விண்ணப்பத்தைப் பலரும் அறிந்தால்தானே பலரும் ஜெபிக்க முடியும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருவருக்காகப் பலர் உருகி நிற்பது சபையின் அழகு. ஆனால் 'நம் சபையில் நோயுற்றிருக்கும் ஒரு சகோதரிக்காக' என்று சொன்னால் ஜெபம் குறைந்துவிடுமா? பெயரைச் சொல்லும்படி அவரே கேட்டுக்கொண்டால் தாராளமாகச் சொல்லலாம். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவு என்பதையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. சட்டம் சொல்வதற்கு முன்பே, 'வெளியே சொல்லிவிடாதே' என்று நம் தாய்மார் சொல்லி வந்த பண்பாடுதான் அது.

இவற்றையெல்லாம் சீர்செய்யப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. முதலாவது, மணியை நிறுத்தக் கூடாது; சாவுச் செய்திக்கு மணியும் அடிக்க வேண்டும், அலைபேசியும் ஒலிக்க வேண்டும். இரண்டாவது, அலைபேசி இல்லாத வீடுகளின் பட்டியல் ஒன்றைச் சபை வைத்திருக்க வேண்டும். தெருவுக்கு ஒருவர் அவ்வீடுகளுக்கு நடந்து சென்று சொல்ல வேண்டும். கடைசி வீட்டுக்குத் தெரியும் வரை அறிவிப்பு முடியவில்லை என்று கொள்ள வேண்டும். மூன்றாவது, எழுத்தறியாதோர் பலர் இருக்குமிடத்தில் செய்தியைக் குரலாகப் பதிந்து அனுப்ப வேண்டும். நான்காவது, பொறுப்பாளர் மட்டுமே செய்தி இடும்படி குழுவை அமைக்க வேண்டும். அவ்வசதி 2018 முதலே இருக்கிறது. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாதபடி அனுப்பும் அறிவிப்புப் பட்டியல் முறையும் உண்டு. அனுப்புபவரின் எண்ணைத் தம் அலைபேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது சென்று சேரும் என்பதை நினைவில் கொண்டால் போதும். ஐந்தாவது, நோய், கடன், குடும்பச் சிக்கல் இவற்றை உரியவரின் அனுமதியின்றி ஒருபோதும் இடலாகாது.

இதைக் கல்லூரி மலரில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்களானால், காரணம் இருக்கிறது. பல ஊர்களில் சபைக் குழுவை நடத்துபவர்கள் நம்மைப் போன்ற மாணவர்களே. பெரியவர்கள், "தம்பி, நீ படிச்ச பிள்ளை, இதை நீயே போட்டுவிடு" என்று அலைபேசியை நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தாய் பீடி சுற்றுகிறார். தம் அலைபேசிக்கு வரும் செய்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் அவருக்கு இயலாது. நான் வாசித்துச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அவரைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களை மறந்துவிட்டு அனுப்பப்படும் செய்தி, எவ்வளவு வேகமாகப் போனாலும் பாதி வழியில் நின்றுவிட்ட செய்தியே.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அன்று. கோயில் கமிட்டிக்கும், ஜமாத்துக்கும், ஊர்ச் சங்கத்துக்கும், ஏன், நம் வகுப்புக் குழுவுக்கும் பொருந்துவதே. கட்டணம் கட்டாத மாணவர் பெயர் ஒரு வகுப்புக் குழுவில் வெளியானால் அம்மாணவர் மறுநாள் எந்த முகத்தோடு வகுப்புக்கு வருவார்? மதிப்பிற்குரிய பேராசிரியர்களும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

மாணவ நண்பர்களே! கருவி நம் கையில் இருக்கிறது. அனுப்பும் முன் இரண்டே கேள்விகள் கேட்போம். இது எல்லாரும் அறிய வேண்டியதா? அப்படியானால், அலைபேசி இல்லாத அந்தக் கடைசி வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது? முதல் கேள்விக்கு 'இல்லை' என்று விடை வந்தால் விரலை எடுத்துவிடுவோம். இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு நாமே நடப்போம்!