மந்திரவாதி செத்தால் மந்திரம் சாகுமா?

ஹாரி பாட்டர் படித்தவர்களுக்கு ஒரு பழைய சந்தேகம் உண்டு. ஆறாவது புத்தகத்தில் (2005) கோபுரத்தின் உச்சியில் டம்பிள்டோர், ஹாரியை அசைய முடியாதபடி மந்திரம் போட்டு நிறுத்திவிடுகிறார். அவர் உயிர் போனதும் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. கை கால் அசைவதை வைத்துத்தான் அவர் இனி இல்லை என்பதே ஹாரிக்கு உறைக்கிறது. சரி, போட்டவர் போனால் மந்திரமும் போச்சு. கணக்கு நேர்.

ஏழாவது புத்தகத்தில் (2007) அந்தக் கணக்கு இடிக்கிறது. ஹாரியின் பெரியம்மா வீட்டுக்கு அதே டம்பிள்டோர் போட்டு வைத்த காவல், அவர் செத்த பிறகும் நிற்கிறது. ஒரே ஆள், இரண்டு மந்திரம். ஒன்று அவரோடு போனது, இன்னொன்று நின்றது. எழுதியவர் மறந்துவிட்டாரா?

இதற்குப் பதில் நம்மூர்க் கதைகளிலேயே இருக்கிறது. அங்கேயும் இரண்டு விதி உண்டு.

முதல் விதி, பாட்டி சொல்லும் கதை விதி. ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு கிளி. அந்தக் கிளியில்தான் மந்திரவாதியின் உயிர். கிளியின் கழுத்தைத் திருகினால் மந்திரவாதி காலி. கல்லாகக் கிடந்த இளவரசர்கள் எல்லாம் தூங்கி எழுந்த மாதிரி எழுந்து உட்காருவார்கள். கதை சுபம்.

இரண்டாவது விதி, இதிகாச விதி. தசரதன் தெரியாமல் எய்த அம்பில் மகனைப் பறிகொடுத்த அந்தப் பெற்றோர், "நீயும் புத்திர சோகத்தில் சாவாய்" என்று சபித்துவிட்டு, மகனின் சிதையிலேயே விழுந்து போய்ச் சேர்ந்தார்கள். முதல் விதிப்படி சாபம் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பல வருஷம் கழித்து ராமன் காட்டுக்குப் போன பிறகுதான் பலித்தது. காந்தாரி சாபம் இன்னும் தெளிவு. குருக்ஷேத்திரப் போர் முடிந்ததும் கண்ணனைச் சபித்தாள், 36 வருஷம் கெடு. சுமார் 18 வருஷத்தில் அவளே காட்டுத் தீயில் இறந்துவிட்டாள். சாபம் மீதி 18 வருஷமும் காத்திருந்து யாதவ குலத்தை முடித்தது.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு விதியும் புதிது இல்லை. ஒன்று பவர் பத்திரம், மற்றது உயில். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் அதோடு தீர்ந்தது. உயில் நேர்மாறு. எழுதியவர் இருக்கும்வரை அது வெறும் காகிதம், அவர் போன பிறகுதான் அதற்கு உயிர் வரும். கிளிக் கதை மந்திரவாதி பவர் எழுதுகிறான். காந்தாரி உயில் எழுதினாள்.

இரண்டில் எது நல்ல கதை? இரண்டாவதுதான். முதல் விதி ரொம்ப சௌகரியமானது. வில்லனைப் போட்டுத் தள்ளினால் அவன் செய்ததெல்லாம் தானாகவே சரியாகிவிடும். நிஜத்தில் அப்படி எதுவும் சரியாவதில்லை. கடன் வைத்துவிட்டுச் செத்தவனின் வீட்டுக்காரியைக் கேட்டால் தெரியும்.

ஆனால் உயிலிலும் ஒரு சிக்கல். செத்தவர் எழுந்து வந்து அதை நிறைவேற்ற முடியாது. இருக்கிறவர்களில் யாராவது ஒருவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும். கைகேயிக்கு வரம் கொடுத்த தசரதன் செத்துவிட்டான். பரதனே காட்டுக்கு வந்து "ராஜ்ஜியம் உனக்குத்தான், திரும்பி வா" என்கிறான். ராமன் வந்திருந்தால் கேட்பாரில்லை. வரவில்லை, அதனால்தான் செத்தவன் வார்த்தை 14 வருஷம் உயிரோடு இருந்தது. காந்தாரி சபித்தபோது கண்ணன் சிரித்தபடியே அதை ஏற்றுக்கொண்டான். டம்பிள்டோர் விஷயமும் இதேதான். கோபுரத்தில் போட்ட கட்டை ஹாரி ஏற்கவில்லை, திமிறிக்கொண்டுதான் நின்றான். வீட்டுக் காவல் அப்படியில்லை. பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டாவது குழந்தையை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டதில்தான் அது நிலைத்தது. எழுதியவர் ஒன்றும் மறக்கவில்லை :-)

இது கதைக்கு மட்டும் இல்லை என்பதற்குச் சாட்சி வேங்கிக்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருவண்ணாமலையைத் தலைநகர் போல வைத்து ஆண்ட ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளன், 1340களின் தொடக்கத்தில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை, அண்ணாமலையாரே மகனாக இருந்து கடன் செய்வதாக வாக்குக் கொடுத்தார் என்பது ஊர்க் கதை. வருஷா வருஷம் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போகிறார், கௌதம நதிக்கரையில் வல்லாள மகாராஜாவுக்குத் திதி நடக்கிறது. கேட்கிற நிலையில் ராஜா இல்லை. ஏறக்குறைய 680 வருஷமாகிவிட்டது, அவருடைய ராஜ்ஜியமும் இல்லை. வாக்கு மட்டும் இருக்கிறது. எப்படி? சாமியைச் சுமந்துகொண்டு போக ஒவ்வொரு தலைமுறையிலும் நாலு பேர் தோள் கொடுத்ததால்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. "இது உங்க தாத்தா காலத்துல யாரோ வச்ச செய்வினை" என்று சொல்லித் தகடு எடுக்கக் காசு கேட்பவர்களும் இதே விதியைத்தான் விற்கிறார்கள். வைத்தவன் செத்து அம்பது வருஷம் ஆனாலும் வேலை செய்யுமாம்! அப்படி ஒன்று இன்னும் வேலை செய்கிறது என்றால் காரணம் வைத்தவன் இல்லை, பயந்து போய்ப் பணம் கட்டுகிறவர்தான். அவர் கட்டுப்பட மறுத்தால் அன்றைக்கே தீர்ந்தது. வாக்கைக் காப்பாற்றுவது எப்படி இருக்கிறவர்கள் கையில் இருக்கிறதோ, பயத்தை விட்டுவிடுவதும் அப்படியே.

பழைய ராஜாக்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு கொடுப்பார்கள். அதற்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகும், கிழடும் ஆகும். மந்தை மட்டும் எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும், சந்திர சூரியர் உள்ளவரை. அந்த மாதிரித் தர்மங்களைச் சொல்லும் கல்வெட்டுகளின் கடைசியில் பல சமயம் ஒரு சாபம் இருக்கும்: இதை அழிப்பவன் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று. பலருக்கு அந்த வரிதான் தெரியும். வேறு பல கல்வெட்டுகளில் இன்னொரு வரி உண்டு. இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று.

யோசித்துப் பாருங்கள். ஆணையிட்டே பழகிய ஒருவர், இன்னும் பிறக்காத, ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவரின் காலுக்கு அடியில் தலையைக் கொடுக்கிறார். மந்திரத்தின் பலம் போட்டவரிடமே இருந்திருந்தால், அவர் இப்படிக் கும்பிட்டுக் கேட்டிருக்க வேண்டியதே இல்லை.