இறுதி இலக்கத்தின் சாட்சி

எண் என்றவுடன் அது கணித மாணாக்கர்க்கே உரியதென நம்மிற் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். இலக்கியம் பயில்வோர்க்கும், ஏன், எழுத்தறிந்தார் யாவர்க்கும் அதனோடு உறவுண்டு என்பதே எமது கருத்து. சான்று தேடித் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. ஸ்ரீபெரும்புதூரை நோக்குதலே அமையும்.

அவ்வூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா நிறுவனத்தார் கைபேசிகள் செய்தனர். இந்நாளில் பாக்ஸ்கான் நிறுவனத்தார் செய்து வருகின்றனர். அத்தகைய ஒவ்வொரு கைபேசிக்கும் பதினைந்து இலக்கமுடைய ஐ.எம்.இ.ஐ. எண் ஒன்றேனும் உண்டு. முதல் எட்டு இலக்கங்கள் கருவியின் வகையைக் குறிக்கும். அடுத்த ஆறும் அவ்வகையுள் அதன் வரிசையைக் குறிக்கும். இறுதி இலக்கமோ, முன்னின்ற பதினான்கும் பிழையின்றி எழுதப்பட்டனவா என்பதற்குச் சாட்சியாய் நிற்பது.

அச்சாட்சி பிறக்கும் முறை எளிது. இடமிருந்து இரண்டாம், நான்காம், ஆறாம் என இரட்டை இடங்களில் நிற்கும் இலக்கங்களை இருமடங்காக்குக. வருவது ஈரிலக்கமாயின் அவ்விரண்டையும் கூட்டி ஓரிலக்கமாக்குக. பின்னர் எல்லாவற்றையும் ஒருங்கே கூட்டுக. 49015420323751 என்பதற்கு இவ்வாறு வருந்தொகை 52. அதனைப் பத்தின் மடங்காகிய 60 ஆக்க 8 வேண்டும். ஆதலின் 8 இறுதி இலக்கமாகின்றது. ஹான்ஸ் பீட்டர் லூன் என்பார் கண்ட இம்முறைக்கு 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் காப்புரிமை கிடைத்தது. ஓரிலக்கம் மாறின் இக்கணக்குத் தவறாது காட்டிவிடும். அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினும் காட்டும். 0, 9 என்னும் இணையொன்றே தப்பும்.

இனி இதன் எல்லையையும் ஆராய்வோம். எந்தப் பதினான்கு இலக்கத்திற்கும் பொருந்தும் இறுதி இலக்கம் ஒன்றே. எனவே பத்தெண்ணுக்கு ஒன்றாக, பதினைந்து இடங்களில் ஒரு கோடி கோடி எண்கள் இத்தேர்விற் தேறும். கணக்கறிந்த வஞ்சகன் புனையும் பொய்யெண்ணும் அவற்றுள் ஒன்றாகலாம் அன்றோ? கை தவறியதை இக்கணக்குக் காட்டும். நெஞ்சு தவறியதைக் காட்டாது.

"பொறியே சரிபார்க்குமாயின் நாம் கற்பதெதற்கு?" என்பார் உளர். பொறி சொல்லும் 'சரி' எத்தகையது என்றறியாதவன், பிழையின்மையை உண்மையென்றே கொண்டு ஏமாறுவான். குறைந்த விலைக்குப் பழைய கைபேசி வாங்கும் எளிய தொழிலாளிக்கு இஃது ஏட்டுக்கல்வியன்று. திருட்டுப் பொருளை அறியாது வாங்கினோன் பணமும் இழப்பான், காவலர் கேள்விக்கும் ஆளாவான். இவ்வெண்ணை மாற்றுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஐம்பது இலட்சம் ரூபாய் வரை தண்டமும் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் விதிக்கின்றது. வாங்குமுன் *#06# என அழுத்தி எண்ணைக் கண்டு, 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி அரசின் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தல் அறிவுடைமை.

ஆதலின், அவ்வாலைகளைச் சூழ்ந்த பள்ளிகளில் வகுத்தலும் மீதியும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வெண்ணையே பாடமாகக் கொள்ளல் வேண்டும். தம் பெற்றோரும் தமக்கையரும் பூட்டியனுப்பும் கருவியில் எழுதியிருப்பது யாதென அப்பிள்ளைகள் படித்தறிதல் அவர்தம் உரிமையாகும்.