மலைவாழ் மக்களின் உரிமை

மண்ணுள் மறைந்து கிடக்கும் கனிமங்கள் நாட்டின் செல்வம் என்பதில் ஐயமில்லை. இரும்பின்றி ஏர்முனை இல்லை. அலுமினியமின்றி மின்கம்பியும் வானவூர்தியும் அமைதல் அரிது. ஆதலின், கனிமங்களை அகழ்தலே தீது என்று அறிவுடையோர் கூறார். ஆயினும், அகழப்படும் நிலத்தின்மேல் மக்கள் வாழ்கின்றனர் என்பதனை மறத்தல் ஆகாது.

ஒடிசா மாநிலத்தின் ராயகடா, கலாஹண்டி மாவட்டங்களில் நியமகிரி என்னும் மலைத்தொடர் உள்ளது. டோங்கிரியா கோந்தர் என்னும் பழங்குடியினர் அங்கு வாழ்கின்றனர். மலைச்சரிவுகளில் சிறுதானியம், மஞ்சள், அன்னாசி முதலியவற்றைப் பயிரிடுதல் அவர்தம் தொழில். நியமராசா என்னும் மலைத்தெய்வத்தை அவர்கள் போற்றி வழிபடுகின்றனர். மலையுச்சியில் பாக்சைட்டுப் பாறை பரந்துள்ளது. அலுமினியத்துக்கு மூலப்பொருள் அதுவே. அப்பாறை மழைநீரைத் தன்னுள் ஏற்றுச் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றது. அந்நீரே ஓடைகளாகிக் கீழுள்ள ஊர்களை வளர்க்கின்றது. எனவே, ஆலைக்குக் கனிமமாகத் தோன்றிய பாறை, அம்மக்களுக்கு நீரும் உணவும் தெய்வமுமாய் நின்றது.

அவ்வுச்சியில் சுரங்கம் அமைக்க முயற்சி எழுந்தபொழுது, அம்மக்கள் அதனை எதிர்த்தனர். 2010ஆம் ஆண்டில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது. பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைக் கருத்திற்கொண்ட நீதிமன்றம், 2013 ஏப்ரல் 18ஆம் நாள் சிறந்ததொரு தீர்ப்பை வழங்கியது. அம்மக்களின் நில உரிமையும் வழிபாட்டு உரிமையும் ஊறுபடுமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பு. அவ்வாண்டே 12 சிற்றூர்களில், நீதிபதி ஒருவரின் முன்னிலையில் சபைகள் கூடின. பன்னிரண்டும் ஒருமுகமாகச் சுரங்கம் வேண்டா என்றன. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மத்திய அரசும் இசைவு மறுத்தது.

பலர் நன்மைக்காகச் சிலர் துன்பம் ஏற்றல் கடனன்றோ என வினவுவார் உளர். நன்மை பெறுவோர் தொலைவிலுள்ள நகரத்தார்; துன்பம் ஏற்போரோ மலையடியில் வாழும் ஏழைகள். தன் பொருளை ஒருவன் மனமுவந்து அளித்தால் அது தியாகம் எனப்படும்; அவனைக் கேளாது பிறர் எடுத்துக்கொண்டால் அதனைத் தியாகம் என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? இழப்பீடு தரப்படும் எனின், பணம் சில ஆண்டுகளில் செலவாகிவிடும். வற்றிய ஊற்றைப் பணம் மீட்டுத் தாராது.

ஆகவே, சுரங்கம் தோண்டுமுன் அந்நிலத்து மக்களைக் கேட்டல் அரசு காட்டும் சலுகையன்று, அவர்தம் உரிமை. எல்லாம் முடிவு செய்தபின் கேட்பது கேள்வியாகாது. 'வேண்டா' என்னும் விடையையும் ஏற்கத் துணிந்தவரே உண்மையில் கேட்டவராவர். எழுத்தறியா மலைமக்களின் சொல்லும் சபையில் ஏறுமாயின், அந்நாட்டையே குடியாட்சி நிலவும் நாடு எனலாம்.