பதிவு எங்கே, மாமா?

எழுவைதீவில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்த மூன்று வாரங்களில் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்றுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னைத் தோற்கடித்து வந்த ஒரு கணனி விளையாட்டை முடித்தேன். நாளேடுகளில் தலை நரைத்த ஒருவன் இப்படித் தொடங்குவதைக் கண்டு என் பழைய சகபாடிகள் முகஞ்சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் பிரின்ஸ் ஒஃப் பேர்சியா. ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் பெரும்பாலும் தனியொருவராக உருவாக்கி, 1989இல் வெளிவந்தது. தம்பியை வெள்ளாடையில் ஓடவும் தாவவும் விட்டு ஒளிப்பதிவு செய்து, அந்த அசைவுகளைப் படம் படமாகப் பிரதியெடுத்துத் தம் நாயகனுக்கு உயிர் கொடுத்தார். நிலவறையில் கிடக்கும் அந்த நாயகன் 12 நிலைகளைக் கடந்து இளவரசியை மீட்க வேண்டும். அதற்கு 60 நிமிடங்கள். எத்தனை முறை மாண்டாலும் அந்த நிலையின் தொடக்கத்திலிருந்து மறுபடி எழலாம். கடிகாரம் மட்டும் எவருக்காகவும் திரும்பாது. பக்கங்கள் அச்சுக்குப் போகும் நேரத்தோடு போராடிய எவனுக்கும் இந்த ஏற்பாடு அந்நியமானதன்று. தொண்ணூறுகளில் கொழும்பில், வேலை முடிந்த நள்ளிரவுகளில், அலுவலகக் கணனியில் இதனோடு மல்லுக்கட்டினேன். ஒருநாளும் கரை சேர்ந்ததில்லை. (யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட என் சனங்களிடம் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச எனக்கு நா எழுந்ததில்லை.)

இப்போது எழுவைதீவிலேயே காற்றையும் வெயிலையும் டீசலையும் கலந்து மின்சாரம் எடுக்கிறார்கள். மருமகனின் மடிக்கணனியில் அந்தப் பழைய விளையாட்டு ஓடியது. இதை இருபது நிமிடங்களுக்குள் முடிப்போர் உலகில் உண்டென்றும், அதற்கு விரைவோட்டம் என்று பெயரென்றும் சொல்லித் தந்தவன் அவனே. எனக்கு ரோசம் வந்துவிட்டது. எந்தத் தளக்கல் காலடியில் பெயரும், எந்தக் கதவு எந்த மிதிகல்லில் திறக்கும் என்று கொப்பியில் வரைந்து மனனம் செய்தேன். ஒருநாள் பின்னிரவில், 41 நிமிடங்களில் முடித்தேன். உறங்கிக் கிடந்தவனை உலுப்பி எழுப்பிச் சொன்னேன்.

"பதிவு எங்கை, மாமா?" என்றான்.

"என்ன பதிவு?"

"ஓடினதை ரெக்கோட் பண்ணேல்லையோ? அப்ப அது கணக்கிலை வராது."

"நான் பொய் சொல்லுறன் எண்டுறியோ?"

"பொய் எண்டு ஆர் சொன்னது? கணக்கிலை வராது எண்டுதான் சொன்னனான்." திரும்பிப் படுத்துவிட்டான்.

எனக்கு வந்த கோபம் சிறிதன்று. ஆனால் விடியும்வரை உறக்கமின்றிக் கிடந்தபோது, அந்தக் கோபத்துக்குக் காரணம் அவனல்லன் என்பது புரிந்தது. இதே கேள்வியை இதே தீவில் என்னிடம் ஒருவர் முன்பே கேட்டிருக்கிறார். அதைப் பிறகு சொல்கிறேன்.

இளைஞர்கள் கணனி விளையாட்டில் சீரழிகிறார்கள் என்று ஆண்டுக்கு இரண்டு முறையாவது தலையங்கம் தீட்டுவது நம் பத்திரிகைகளின் வழக்கம். நானும் தீட்டியிருக்கிறேன். இன்று சொல்கிறேன்: உண்மையைச் சரிபார்க்கும் ஒழுக்கத்தில் அந்த இளைஞர்களின் கால்தூசிக்கும் நாம் ஆகமாட்டோம்.

மிகையென்று நினைப்பவர்கள் ட்ரக்ஸ்டர் விவகாரத்தைக் கேளுங்கள். அது 1980இல் அட்டாரி இயந்திரத்துக்கு வந்த கார்ப் பந்தய விளையாட்டு. ஆடி முடிக்கச் சில விநாடிகளே போதும். ரொட் ரோஜர்ஸ் என்பவர் 1982இல் 5.51 விநாடிகளில் முடித்ததாக அறிவித்தார். திரையின் ஒளிப்படமே சான்றாகக் கொள்ளப்பட்ட காலம் அது. விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் ஏற்றது, சாதனைகளைக் காக்கும் அமைப்பு ஏற்றது, கின்னசும் ஏற்றது. வேறெவராலும் 5.57ஐத் தாண்ட முடியவில்லை. 2017இல் எரிக் கொசியல் என்ற விரைவோட்டக்காரர் அந்த விளையாட்டின் நிரலையே பிரித்துப் போட்டு, படிப்படியாகக் கணக்கிட்டு, 5.57க்குக் கீழே எவராலும் இறங்கவியலாது என்று காட்டினார். 2018 ஜனவரியில் சாதனை நீக்கப்பட்டது. ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஒரு மனிதரின் சொல்லை உலகம் நம்பியது. அரை விநாடிகூட இல்லை, ஒரு விநாடியின் நூறில் ஆறு பங்குக்காக ஒருவர் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். நம் பத்திரிகை எதிலாவது 35 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பிழையை எவராவது இப்படித் தோண்டியதுண்டா?

மைன்கிராப்ட் விளையாட்டில் ட்ரீம் என்ற புனைபெயரில் உலகப் புகழ்பெற்றவரையும் அவர்கள் விடவில்லை. 2020இல் அவர் ஓடிய ஓட்டங்களில் அரிய பொருட்கள் அளவுக்கு மீறிக் கிடைத்தன. சரிபார்க்கும் தொண்டர்கள் 29 பக்க அறிக்கையொன்றை வெளியிட்டு, அத்தகைய அதிர்ஷ்டம் 7.5 இலட்சம் கோடியில் ஒரு வாய்ப்பே என்றார்கள். கோடிக்கணக்கான இரசிகர்கள் அவர் பக்கம். தொண்டர்களுக்கோ சம்பளம் ஒரு சதமும் இல்லை. ஓட்டம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மறு ஆண்டு, தம் விளையாட்டில் மாற்றம் செய்யப்பட்டிருந்ததை, தாம் அறியாமல் நேர்ந்தது என்ற விளக்கத்தோடு, அவரே ஒப்புக்கொண்டார்.

இனி என் கதை. எண்பதுகளின் தொடக்கம், நான் இளம் நிருபன். சோளகக் காற்று வீசிய ஒரு மாலை, எழுவைதீவுக்குப் புறப்பட்ட படகு போய்ச் சேரவில்லை. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்ற ஒருவர், படகு கவிழ்ந்துவிட்டதாம் என்றார். அந்த "ஆம்" என்ற ஈற்றை நான் வெட்டியெறிந்தேன். மற்றப் பத்திரிகையின் நிருபரும் தொலைபேசியைத் தேடி ஓடுவதைக் கண்டேன், முந்திக்கொண்டேன். மறுநாள் முதற்பக்கத்தில், கொட்டை எழுத்தில், படகு கவிழ்ந்தது. உண்மையில் இயந்திரம் நின்றுபோய், படகு இழுபட்டு அனலைதீவில் ஒதுங்கியிருந்தது. அத்தனை பேரும் காலையில் வீடு திரும்பினர். நாங்கள் உள்பக்கத்தில் நான்கு வரியில் திருத்தம் போட்டோம்.

விசாரிக்கச் சென்ற என்னை ஒரு தாய் தம் வாசலில் நிறுத்தினார். மகன் வந்து சேருமுன்னே பத்திரிகை வந்து சேர்ந்துவிட்டது. அழுது குரல் கம்மியிருந்தது. ஏசவில்லை. "தம்பி, நீர் கண்ணாலை கண்டனீரோ?" என்று மட்டும் கேட்டார். மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அலுவலகத்திலோ, மற்றப் பத்திரிகையை முந்தியதற்காக என் தோளைத் தட்டினார்கள்.

அன்று அது ஓர் ஊரின் ஒரு காலைப்பொழுதைத்தான் கெடுத்தது. இன்று? 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின், ஏப்ரல் 25ஆம் திகதி பொலிஸார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களுள் ஒன்று, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த, எதிலும் சம்பந்தமற்ற மாணவியொருவருடையது. தவறென்று பொலிஸார் ஒப்புக்கொள்ளுமுன் அந்த முகம் உலகத்தைச் சுற்றிவிட்டது. பொலிஸார் தந்ததைத்தானே போட்டோம் என்பார்கள். இறங்குதுறையில் நின்றவர் சொன்னதைத்தான் நானும் போட்டேன்.

செய்திக்கு அவகாசம் இல்லை, விளையாட்டுப் பிள்ளைகளுக்கு நேரம் நிறைய உண்டு என்று ஒரு மறுப்பு வரும். இதை ஏற்கமாட்டேன். அவர்களும் நேரத்தோடுதான் போட்டியிடுகிறார்கள், நம்மைவிடக் கடுமையாக. பிரின்ஸ் ஒஃப் பேர்சியாவில் தரையிலிருந்து ஈட்டிமுனைகள் எழும் இடங்கள் உண்டு. ஓடிவந்து விழுந்தால் சாவு. நிதானமாக அடிமேல் அடிவைத்தால் அதே முனைகளுக்கு நடுவே கீறலின்றிக் கடக்கலாம். இருபது நிமிடங்களுக்குள் முடிப்பவனும் அங்கே ஓடுவதில்லை. நடக்கவேண்டிய இடத்தில் நடக்கிறான், அல்லது தாவிக் கடக்கிறான். எங்கே முள் இருக்கிறதென்று நூறுமுறை பார்த்து அறிந்தபடியால் மற்ற இடங்களில் அவனால் பறக்க முடிகிறது. நம்முடைய இணையத்தளங்களோ முள்ளைப் பார்ப்பதேயில்லை. விழுந்தால் செய்தியைச் சத்தமின்றி நீக்கிவிடுகிறார்கள். விரைவோட்டத்தில் நீக்கப்படுவதற்குக்கூடக் காரணம் எழுதப்பட்டு, எவரும் வாசிக்கக் கிடைக்கிறது.

இந்தத் துறைக்காக யாழ்ப்பாணம் கொடுத்த விலை தெரிந்தவர்களுக்கு என் கோபம் விளங்கும். 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், தம் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார் மயில்வாகனம் நிமலராஜன். அந்த மாதத் தேர்தலில் நடந்த முறைகேடுகளை வெளிக்கொணர்ந்தவர். அக்கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. அவர் இருந்த நாற்காலியில் இருந்துகொண்டு "முந்தித் தந்தது நாமே" என்று பெருமை பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கை நடுங்குகிறது.

நான் கேட்பது பெரிதன்று. பிழை வந்த பக்கத்திலேயே, பிழை வந்த எழுத்தின் அளவிலேயே திருத்தம் வரட்டும். கண்டது யார், கேட்டது யாரிடம் என்று செய்தியிலேயே இருக்கட்டும். உறுதியாகாததை உறுதியாகவில்லை என்று எழுத வெட்கப்படாதீர்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள், மருமகன் பதிவுக்கருவியை இயக்கிவிட்டு அருகில் அமர, மறுபடி ஓடினேன். 12ஆம் நிலைவரை நன்றாகவே போயிற்று. அங்கே, கண்ணுக்குத் தெரியாத பாலத்தின் மீது கால்வைக்க நெஞ்சு வராமல் தயங்கித் தயங்கி, திரும்பி வந்து வழி தேடி, நேரத்தைத் தின்றுவிட்டேன். 60 நிமிடம் முடிந்தது. அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது. அந்த 41 நிமிடத்துக்குப் பதிவில்லை. அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம்.