வெப்பம் தாங்கும் மருந்து முதலில் யாருக்கு?

கேமரன் மலையில் பறிக்கப்படும் தேயிலைக் கொழுந்து, தொழிற்சாலையில் வாட்டுதல், உருட்டுதல், நொதிக்க வைத்தல், உலர்த்துதல் ஆகிய கட்டங்களைக் கடக்கிறது. உருட்டும்போது இலையின் செல்கள் சிதைகின்றன. அவற்றிலுள்ள நொதி, காற்றிலுள்ள உயிர்வளியின் துணையோடு இலையைச் செம்பழுப்பு நிறமாக்குகிறது. பதம் வந்ததும் உலர்த்தியின் வெப்பம் அந்நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. நொதி என்பது ஒரு புரதம். வெப்பம் மிகுந்தால் புரதம் வடிவத்தை இழக்கும். வடிவம் குலைந்தால் அதன் வேலையும் நின்றுவிடும். தேயிலைத் தொழிலுக்குக் கைகொடுக்கும் இவ்வியல்பு, மருத்துவத்திற்கு இடையூறாக உள்ளது.

உடலில் காயம் ஏற்பட்டால், ‘பெருகுங்கள், புண்ணை மூடுங்கள்’ என்ற செய்தியைச் செல்களுக்குக் கொண்டு செல்பவை வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்கள். இவற்றைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மொந்தால்சினி, ஸ்டான்லி கோஹன் ஆகிய இருவரும் 1986-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். நீரிழிவு நோயாளிகளின் கால்புண்ணுக்கான வளர்ச்சிக் காரணிக் களிம்பை 1997-இல் அமெரிக்கா அனுமதித்தது. தமிழ்நாட்டின் திருத்தணியில் பிறந்த கிருஷ்ணா எல்லா நிறுவிய பாரத் பயோடெக் நிறுவனமும் இத்தகைய மருந்தை இந்தியாவில் உருவாக்கியது. ஆயினும், அமெரிக்கக் களிம்பை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்துக் காக்க வேண்டும்.

இச்சிக்கலுக்கு அறிவியல் விடை கண்டு வருகிறது. செக் நாட்டின் புர்னோ நகரிலுள்ள மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எஃப்.ஜி.எஃப். 2 என்னும் வளர்ச்சிக் காரணியைக் கணினியின் துணையோடு ஆராய்ந்தனர். அதன் அமைப்பில் ஒன்பது அமினோ அமிலங்களை மட்டும் மாற்றினர். உடல் வெப்பமான 37 பாகையில் ஏறத்தாழ 10 மணி நேரத்தில் பாதி ஆற்றலை இழந்துவந்த அப்புரதம், மாற்றத்திற்குப் பின் அந்த நிலையை அடைய 20 நாள்களுக்கு மேல் ஆனது. இவ்வாய்வு 2018-இல் வெளிவந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவன் வரதராஜன் குழுவினர் உருவாக்கிய கோவிட் தடுப்பூசிப் புரதமோ 37 பாகையில் ஒரு மாதம் வரை தாங்கியது. இத்திறன் கைக்கு எட்டிவிட்ட நிலையில், அதை முதலில் யாருக்காகப் பயன்படுத்துவது என்பதே இன்றைய கேள்வி.

2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இவ்விகிதம் இன்னும் அதிகம். நீரிழிவு முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். இரத்த ஓட்டம் குறையும். சரிவான தேயிலைக் காட்டில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவரின் காலில் முள்ளோ கல்லோ குத்தினால், வலி தெரியாமலே புண் பெரிதாகலாம். ஆறாத புண் காலையே இழக்கச் செய்யும். கால் போனால் வேலையும் போகும், குடும்பம் தடுமாறும்.

கேமரன் மலைதான் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று சிலர் கூறலாம். மலைக்காற்றின் குளிர் வேறு, குளிர்பதனப் பெட்டியின் குளிர் வேறு. மேலும், மருந்து தாப்பாவின் வெப்பத்தைக் கடந்து வளைந்து நெளிந்த சாலையில் ஏறி வர வேண்டும். தானா ராத்தா மருத்துவமனையில் குளிர்பதன வசதி இருந்தாலும், புண்ணுக்கு நாள்தோறும் மருந்திட வேண்டிய இடம் தோட்டத்து வீடுதான். வீட்டு அலமாரியில் வைத்தாலும் கெடாத மருந்தே அங்கு வாழும் தொழிலாளிக்கு முழுப்பயன் தரும்.

ஆனால், வளர்ச்சிக் காரணிகளைத் தேடி அழகுப் பொருள் நிறுவனங்களும் வருகின்றன. சுருக்கம் நீக்கும் முகப்பூச்சுகளில் இவை சேர்க்கப்படுகின்றன. காயமற்ற தோல் ஒரு காவல் சுவர். பெரிய புரத மூலக்கூறுகள் அதனை எளிதில் ஊடுருவ இயலாது. திறந்த புண்ணிலோ அச்சுவர் இல்லை. ஆகவே, இப்புரதம் மிகுதியாகத் தேவைப்படும் இடம் புண்ணே தவிர, முகம் அன்று.

அழகுப் பொருள் விற்பனையே ஆய்வுக்குப் பணம் தருகிறது என்ற வாதத்தில் உண்மை உண்டு. அதனால் அதனைத் தடுக்க வேண்டியதில்லை. எனினும், மக்கள் வரிப்பணத்தில் நடைபெறும் பல்கலைக்கழக ஆய்வின் உரிமையை நிறுவனங்களுக்கு வழங்கும்போது, அரசு மருத்துவமனைகளுக்குக் குறைந்த விலையில் மருந்து அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்கலாம்.

அவசரமும் கூடாது. செல்களைப் பெருகச் செய்யும் புரதம் நெடுநாள் நிலைத்தால் அதன் விளைவும் நீளலாம். முன்னர்க் குறிப்பிட்ட அமெரிக்கக் களிம்பின்மீது 2008-இல் புற்றுநோய் தொடர்பான எச்சரிக்கை இடப்பட்டது. கூடுதல் சான்றுகளை ஆராய்ந்த பின்னரே அந்தக் கடும் எச்சரிக்கை நீக்கப்பட்டது. புதிய புரதங்களும் இத்தகைய சோதனையைக் கடக்க வேண்டும். அதுவரையில், ‘வருமுன் காப்போம்’ என்பதற்கேற்ப நாள்தோறும் பாதத்தைச் சோதித்தல், பொருத்தமான காலணி அணிதல், சர்க்கரை அளவைக் கட்டுப்படுத்துதல் ஆகியவையே முதல் மருந்து.

புரதத்தை வெப்பம் தாங்கச் செய்வது ஆய்வுக்கூடத்தின் பணி. அது முகப்பூச்சுக் குப்பியோடு நின்றுவிடாமல் தோட்டத்துத் தொழிலாளியின் பாதத்தையும் சென்றடையச் செய்வது சமுதாயத்தின் கடமை.