எழுதுமுன் கை பழகட்டும்

நாம் அடிக்கடி சென்று வரும் பாலர் பாடசாலை ஒன்று உண்டு. பெரிய கட்டிடமன்று. ஓட்டுக்கூரையும் அரைச்சுவரும் கொண்ட ஒரு மண்டபம். முற்றத்தில் ஒரு வேம்பு. வேம்பின் கீழே மணற்குவியல். பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். அவர்களுக்கு ஓர் ஆசிரியை. அவருக்குத் துணையாக ஓர் இளம்பெண். சென்ற தவணையின் நடுவிலே ஒரு நாட் காலை நாம் அங்கே அமர்ந்திருந்தபோது, தாய் ஒருவர் தம் நான்கு வயது மகனின் கொப்பியைக் கையிலே பிடித்தபடி வந்தார். கோபத்தோடு வந்தார் என்று சொல்ல மாட்டோம். அச்சத்தோடு வந்தார்.

"ரீச்சர், பிள்ளை வரத்தொடங்கி இரண்டு மாதமாகிறது. கொப்பியில் ஓர் எழுத்துக்கூட இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இவனுக்கும் ஒரே வயது. அந்தப் பிள்ளை வேறு இடத்துக்குப் போய் உயிரெழுத்து முழுவதும் எழுதுகிறது. இவனைக் கேட்டால், தண்ணீர் ஊற்றினேன், புளியங்கொட்டை பிரித்தேன் என்கிறான். இதற்கா நாங்கள் காசு கட்டுகிறோம்?"

ஆசிரியை உடனே மறுமொழி சொல்லவில்லை. சிறுவனை அழைத்தார். அவன் அலுமாரியிலிருந்து ஒரு சிறிய சாடியையும் கோப்பையையும் தட்டோடு எடுத்து வந்தான். கோப்பையிற் கீறியிருந்த சிவப்புக் கோடு வரை நீரை ஊற்றினான். தட்டில் விழுந்த இரண்டு துளியைத் துணியால் ஒற்றித் துடைத்தான். துணியை முறுக்கிப் பிழிந்து கொடியிலே போட்டான். இவ்வளவையும் ஒரு சொல்லும் பேசாமற் செய்தான். "முதற் கிழமை இதே வேலையைச் செய்தபோது மேசை முழுவதும் வெள்ளம்" என்றார் ஆசிரியை.

தாய் பார்த்துக்கொண்டு நின்றார். மகிழ்ச்சி முகத்திலே தெரிந்தது. ஆயினும் அவர் கேட்டது இதுதான்: "நல்லது ரீச்சர், எழுத்து எப்போது?"

இந்தக் கேள்வியை ஏளனஞ் செய்ய எமக்கு உரிமையில்லை. நாமும் கேட்டவர்களே. எமது மூத்த பிள்ளைக்கு மூன்று வயது நிரம்பிய மறுமாதமே பென்சிலைக் கொடுத்தோம். பிள்ளை அதனை உலக்கையைப் பிடிப்பதுபோல் முழுக்கையாற் பிடித்தது. அந்தச் சிறு கையின் மேல் எம் கையை வைத்து 'அ' எழுதுவித்தோம். தாள் கிழிந்தது. மறுநாளும் எழுதுவித்தோம். அதன் பின் ஓராண்டு காலம், கொப்பியை எடுத்தாற் பிள்ளை கட்டிலின் கீழே போய் ஒளிந்துகொண்டது. பிடிவாதம் என்றே அன்று எண்ணினோம்.

அகரத்தை ஒரு தடவை மெதுவாக எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு கிடைக்கோடு, கடைசியில் ஒரு நிமிர்ந்த கோடு. எழுத்துத் தெரிந்தவருக்கு அஃது ஓர் எழுத்து. மூன்று வயதுப் பிள்ளைக்கோ அது நான்கு வேறு வேலை. இனி அந்தப் பிள்ளையின் கையைப் பாருங்கள். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள. குழந்தை பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. முதலாண்டிலே இரண்டு இறுகத் தொடங்குகின்றன; மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும்; கடைசி எலும்பு இறுகத் தொடங்குவதற்கு 9 முதல் 12 வயது வரை செல்லலாம். விரல்களைத் தனித்தனியே ஆளும் வல்லமையும் அவ்வாறே படிப்படியாக வருவது. முதலில் தோள் பழகும், பின் முழங்கை, பின் மணிக்கட்டு, இறுதியாக விரல்நுனி. நாம் தொடங்கியதோ விரல்நுனியில்.

கையாற் கற்பித்தல் நேற்று வந்த நாகரிகமென்று சிலர் எண்ணுகின்றனர். பாலர் தோட்டம் என்ற பெயரே அதனோடு பிறந்ததுதான். ஜேர்மனி தேசத்திலே பிளாங்கன்பேர்க் என்னும் சிற்றூரில் 1837இல் சிறுபிள்ளைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கிய பிரெடரிக் புறோபெல், 1840இல் அதற்குக் 'கின்டர்கார்ட்டன்' எனப் பெயரிட்டார். பிள்ளைகளின் தோட்டம் என்பது பொருள். அவர் பிள்ளைகளின் கையிலே கொடுத்தது புத்தகமன்று. முதலில் ஆறு நிறத்திற் கம்பளிநூற் பந்துகள். அடுத்து மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். அதன்பின் எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு பெருங்கட்டை. பிரித்தாற் பல, சேர்த்தால் ஒன்று. கணிதத்தின் பாதி அதிலே அடங்கிவிடுகிறது. 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் கண்காட்சியில் இக்கட்டைகளைக் கண்ட ஒரு தாய், ஒன்பது வயதான தம் மகனுக்கு அவற்றை வாங்கிக் கொடுத்தார். அம்மகனே பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞரான பிராங்க் லொயிட் றைட். அந்தக் கட்டைகளின் உணர்ச்சி தம் விரல்களை விட்டு நீங்கவில்லையென்று முதுமையிலும் அவர் எழுதினார்.

இவ்வளவு சாதுவான முயற்சியையும் பிரசிய அரசு 1851இல் தடைசெய்தது! நாத்திகமும் சமதர்மமும் பரப்புகிறதென்று ஐயம். புறோபெல் மறு ஆண்டே காலமானார். தடை நீங்கியது 1860இல். பந்தும் கட்டையும் வைத்து விளையாடும் பிள்ளைகளைக் கண்டு ஓர் அரசே அஞ்சியிருக்கும்போது, ஒரு தாய் அஞ்சியதை நாம் குறைகூறுவது எங்ஙனம்?

மரியா மொண்டிசோரி அம்மையாரின் பெயர் எமக்கு இன்னும் நெருக்கமானது. வைத்தியராகிய அவர் 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி, ரோமாபுரியின் ஏழைமக்கள் குடியிருப்பாகிய சான் லொறென்சோவில் முதலாவது 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்தார். அவர் செய்வித்த உபகரணங்களுள் ஒன்று, மரச்சட்டத்திற் குடைந்த பத்துக் குழிகளும் அவற்றிற் பொருந்தும் பத்து உருளைகளும். ஒவ்வோர் உருளைக்கும் மேலே ஒரு சிறு குமிழ். குமிழைப் பெருவிரலாலும் அடுத்த இரண்டு விரல்களாலும் பிடித்துத்தான் தூக்கலாம். பிள்ளை பெரிது சிறிது பார்க்கிறது; அதனை அறியாமலே அதன் கை பென்சில் பிடிக்கப் பழகுகிறது. மற்றொன்று, அரத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துக்கள். அவற்றைப் பிள்ளை விரலால் தடவும். தடவும்போதே ஒலியையுஞ் சொல்லும். ஒரு நாள் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம், கூரையிலே தெரிந்த புகைபோக்கியை வெண்கட்டியால் வரையும்படி அம்மையார் சொன்னாராம். வரைந்து முடித்த சிறுவன் திடீரெனத் தரையிற் சொற்களை எழுதத் தொடங்கி, தனக்கு எழுத வருமென்று கூவினான். எழுதும்படி அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அம்மையார் யுத்தகாலத்தை இந்தியாவிலே கழித்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடாத்தினார். அதனாலோ என்னவோ, எங்கள் ஊர்களில் எந்தப் பாலர் பாடசாலையையும் 'மொண்டிசோரி' என்றே சொல்கிறோம். பெயர்ப்பலகையிலும் அவ்வாறே எழுதுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தாற் பலவிடங்களில் வரிசையாக வாங்கில், கரும்பலகை, ஆளுக்கு நான்கு கொப்பி. அம்மையார் இவற்றைக் கண்டிருந்தாற் பெயர்ப்பலகையைக் கழற்றச் சொல்லியிருப்பார்.

அம்மையார் சொன்னதெல்லாம் வேதமென்று நாம் கொள்ளவில்லை. சிறுபிள்ளைகளுக்குக் கற்பனைக் கதை வேண்டாமென்ற அவரது கொள்கை எமக்கு உடன்பாடன்று. பாட்டி கதை கேளாமல் வளர்ந்த பிள்ளைக்கு எதையோ பறிகொடுத்துவிட்டோம் என்றே தோன்றுகிறது. அன்றியும், அவரது உபகரணங்களை வெளிநாட்டிலிருந்து வருவித்தால் விலை அதிகம். வருவிக்கவேண்டிய அவசியமுமில்லை. நாம் சொன்ன ஆசிரியையின் அலுமாரியிலே விலைகொடுத்து வாங்கிய பொருள் மிகச் சில.

அங்கே ஐந்து சிரட்டைகள் உள. உழுந்து, பயறு, கடலை, புளியங்கொட்டை, மஞ்சாடி விதை ஆகியவற்றைக் கலந்து ஒரு தட்டிற் கொட்டியிருக்கும். பிள்ளை அவற்றைப் பிரித்துச் சிரட்டைகளிலே போடவேண்டும். ஊறவைத்த கடலையும் ஈர்க்குத் துண்டும் வேறொரு தட்டில். ஈர்க்கின் முனையைக் கடலையிற் குத்தி முக்கோணம், சதுரம், வீடு என்று கட்டுகிறார்கள். புறோபெலின் பிள்ளைகள் ஊறவைத்த பட்டாணியிலும் குச்சியிலும் செய்த அதே வேலை. அவர்கள் வண்ணத்தாளை இழைத்தார்கள், இங்கே பனங்குருத்தோலை. பழைய சட்டையின் முன்பக்கத்தை ஒரு மரச்சட்டத்தில் அடித்திருக்கிறார்கள். அதிலே தெறி பூட்டிக் கழற்றப் பழகிய பிள்ளை தன் சட்டைக்குத் தானே தெறி பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. ஈர்க்கிலே பத்தை எண்ணி நூலாற் கட்டினால் ஒரு கட்டு. அத்தகைய பத்துக் கட்டைச் சேர்த்தால் நூறு. நூறு என்பது எவ்வளவு பாரமென்று ஐந்து வயதுப் பிள்ளை கையிலே தூக்கிச் சொல்கிறது.

இவற்றுள் எம் மனத்தைக் கவர்ந்தது ஒரு துணிப்பை. உள்ளே ஒரு பாக்கு, ஒரு சோகி, ஒரு தெறி, ஒரு மரக்கட்டை, ஒரு சாவி. கண்ணாற் பாராமற் கையை விட்டுத் தடவி, இன்னதென்று சொல்லவேண்டும். அவ்வகுப்பிலே ஒரு சிறுமி இருந்தாள். வந்த நாள்முதல் ஆறு கிழமையாக ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலே பேசுவாளாம், இங்கே ஊமை. எத்தனையோ பாட்டுப் பாடிப் பார்த்தார்கள். ஒரு நாட் பை அவளிடம் வந்தது. கையை விட்டாள். நெடுநேரம் தடவினாள். பிறகு, எல்லாருங் கேட்க, "பாக்கு" என்றாள். அவளுடைய அம்மம்மா வெற்றிலை போடுபவர். பாக்குவெட்டியின் பக்கத்திலேயே வளர்ந்த பிள்ளை. கண்ணும் வாயும் கூசிய இடத்திற் கை கூசவில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பின் அவளை அடக்குவதுதான் பாடாயிற்று என்று ஆசிரியை சிரித்தார்.

எழுத்து இல்லாமலும் இல்லை. தட்டிலே மெல்லிய மணல் பரப்பி, விரலால் எழுதுகிறார்கள். அகரத்தில் அன்று, டகரத்தில் தொடங்குகிறார்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கமாக ஒரு கோடு, அவ்வளவே. அதனோடு இன்னொரு கோட்டைச் சேர்த்தாற் 'ப'. பின்னர் 'ம'. இம்மூன்றும் புள்ளியும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம் என்று சொற்களே வந்துவிடுகின்றன. மணலிற் பிழை விட்டால் தட்டை அசைத்தாற் போதும், பிழை போய்விடும். சிவப்பு மையின் கீறல் இல்லை.

நம்மவருக்கு இது புதியதா? திண்ணைப் பள்ளிக்கூடத்திற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே ஓலையைத் தொட்டார்கள். இன்றும் விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது, பிள்ளையை மடியில் இருத்தி, தாம்பாளத்து அரிசியிலே விரலால் எழுதுவிக்கிறோம். படமும் எடுக்கிறோம். மறுநாட் காலை அரிசியை அள்ளி வைத்துவிட்டுக் கொப்பியைக் கொடுக்கிறோம்! அரிசித் தாம்பாளம் இன்னும் ஓராண்டு அப்படியே இருந்தால் என்ன?

வீட்டிற் செய்ய விரும்புவோர்க்கு ஒரு தனி வகுப்பறை வேண்டியதில்லை. குசினியே போதும். பயற்றங்காய் முறிக்கலாம், வெள்ளைப்பூடு உரிக்கலாம், றொட்டி மா உருட்டலாம், கைலேஞ்சியை முனைக்கு முனை வைத்து மடிக்கலாம். நேரஞ் செல்லும், மா தரையிலே கொட்டும். அதற்கு ஆயத்தமில்லாதவர் தொடங்காதிருப்பது நன்று. ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிறு விதைகளை மூக்கினுள்ளும் காதினுள்ளும் விடுவது பிள்ளைகளின் இயல்பு. பெரியவர் அருகில் இருத்தல் வேண்டும். குன்றிமணியை எக்காரணங்கொண்டும் பிள்ளைகள் கையிற் கொடுத்தலாகாது. அழகான விதைதான், மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அந்தத் தாயின் கேள்விக்கு ஆசிரியை சொன்ன மறுமொழியை இன்னும் எழுதவில்லை. "அடுத்த தவணைக்குள் எழுதுவான், அம்மா" என்றார். தாய் தலையசைத்துப் போய்விட்டார். பிள்ளைகளை அனுப்பிய பின்னர் ஆசிரியை எம்மோடு சிறிது நேரம் பேசினார். சென்ற ஆண்டு நான்கு பிள்ளைகளை இதே காரணத்துக்காக வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். மாதக் கட்டணத்தையே நம்பி நடக்கும் பாடசாலை. நான்கு பிள்ளைகள் போனால், துணைக்கு நிற்கும் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆகவே இத்தவணை முதல் வெள்ளிக்கிழமைதோறும் கொப்பியில் ஒரு பக்கம் எழுதுவிக்கலாமென்று எண்ணுகிறார். "பிள்ளைகளுக்காக அல்ல" என்றார், "கொப்பியைத் திறந்து பார்ப்பவர்களுக்காக."

சரியென்றும் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. பிழையென்றுஞ் சொல்ல வாய் வரவில்லை. நாம் புறப்படும்போது அவர் நாளைக்கு வேண்டிய கடலையை நீரிலே போட்டுக்கொண்டிருந்தார்.