பாட்டுப் போனுக்கு அழகு பொத்தான்!

பாட்டுக் கேட்பதற்கென்று தனியாக ஒரு செல்போன் வேண்டுமா? "எல்லாப் போனும்தான் பாடுகிறதே!" என்று பலர் கேட்கிறார்கள். வேண்டும் என்பதே என் கருத்து.

2007-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டு நோக்கியா கம்பெனி "5310 எக்ஸ்பிரஸ் மியூசிக்" என்ற போனை அறிவித்தது. எடை 71 கிராம். தடிமன் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, 9.9 மில்லிமீட்டர்தான். சட்டைப் பையில் கிடப்பதே தெரியாது.

அதன் சிறப்பு இது மட்டும் அல்ல. திரையின் ஓரத்தில் பாட்டுக்கென்றே பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால் பாட்டு ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். இன்னொன்று அடுத்த பாட்டுக்கு. மற்றொன்று முந்தைய பாட்டுக்கு. அவ்வளவுதான்!

பார்க்காமலே பாட்டு

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம். ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கிறது. மறு கை பைக்குள் போகிறது. கட்டை விரல் தடவிப் பார்க்கிறது; பொத்தானைக் கண்டுகொள்கிறது. பாட்டு மாறுகிறது! கண் தேவையில்லை. எழுத்துத் தெரிய வேண்டியதும் இல்லை.

தொடுதிரையில் இது நடக்குமா? கண்ணாடியில் மேடு ஏது, பள்ளம் ஏது? விரல் எதை வைத்து வழி கண்டுபிடிக்கும்?

அதே 2007-ல்தான் ஐபோன் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு தொடுதிரைக்கே மவுசு. பொத்தான் போன்கள் ஒதுங்கிவிட்டன.

மீண்டும் வந்தது

2020-ம் ஆண்டில் எச்.எம்.டி. குளோபல் என்ற கம்பெனி, நோக்கியா 5310-ஐப் புது உருவத்தில் கொண்டுவந்தது. இந்தியாவில் அப்போது அறிவித்த விலை 3,399 ரூபாய். பக்கவாட்டில் பாட்டுப் பொத்தான்கள். முன்புறம் இரண்டு ஒலிபெருக்கிகள். இயர்போன் செருகாமலே பண்பலை வானொலி கேட்கலாம். பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். 32 ஜி.பி. வரை கார்டு போடலாம். ஒரு பாட்டுக்கு 4 எம்.பி. என்று கணக்கிட்டால், சுமார் 8,000 பாட்டுகள்!

குறை இல்லையா? உண்டு. போனுக்குள் இருக்கும் இடம் 16 எம்.பி.தான். கார்டு போடாவிட்டால் பாட்டுப் போன் ஊமைப் போன்தான்! காமிராவோ பெயருக்கு ஒன்று. தவிர, இது 2ஜி போன். 4ஜி மட்டும் நடத்தும் கம்பெனியின் சிம் போட்டால் பேச முடியாது.

பாட்டிக்கு யார் துணை?

இருந்தாலும் நான் பொத்தான் கட்சிதான். வீட்டில் பாட்டிக்கு ஒரு பழைய பாட்டுக் கேட்க ஆசை. கையில் பெரிய தொடுதிரைப் போன் இருக்கிறது. ஆனால் "டேய், அந்தப் பாட்டை வச்சுக் குடுடா!" என்று பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பேரனுக்கு ஆயிரம் வேலை. இரண்டு தடவை கூப்பிடுவாள். மூன்றாவது தடவை கூப்பிடமாட்டாள். ஆசையை அடக்கிக்கொள்வாள்.

"வாயால் சொன்னாலே பாட்டு வருமே!" என்பார்கள். அதற்கு இன்டர்நெட் வேண்டாமா? பாட்டியின் பேச்சு அந்தக் கருவிக்குப் புரிய வேண்டாமா?

ஆகவே, பெரியவர்களுக்குப் போன் வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பாட்டை நிறுத்திப் பாருங்கள். மாற்றிப் பாருங்கள். முடிந்தால் அது நல்ல பாட்டுப் போன். முடியாவிட்டால், விலை எத்தனை ஆயிரமானாலும் அது பாட்டிக்கு உதவாது.

போன் செய்யும் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை: தொடுதிரை இருக்கட்டும். ஓரத்தில் ஒரே ஒரு பாட்டுப் பொத்தான் வையுங்கள். பாட்டி தன் கையாலேயே பாட்டு வைத்துக் கேட்கட்டும்!